இடது துடுப்பு

சோரியோஸ், லிமா
14 அக்டோபர் 1986

தம்பி ஃபிதென்சியோ,

பலகையைத் தண்ணீரில் இறக்காதே.

வேறு எதையும் படிக்க மனமில்லையென்றால் அந்த ஒரு வரி போதும், மீதியைக் கிழித்துப் போடு. மூன்று வருஷமாக உனக்கு நான் ஒரு எழுத்து எழுதியதில்லை. போன வாரம் அந்த அலைப்பலகையைப் போர்வையில் சுற்றி பஸ் கூரையில் ஏற்றி அனுப்பியபோதுகூட, "கிடைத்ததும் சொல்" என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான் சொருகினேன். இப்போது எழுதுகிறேன் என்றால் அவ்வளவு பயம்.

பலகையின் அடியில், வால் பக்கம், மூன்று மீன்துடுப்புகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். நடுவில் ஒன்று, ஓரத்துக்கு ஒன்று. ஓரத்துத் துடுப்புகளின் முன்முனை கொஞ்சம் உள்பக்கமாக, நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். வலது சரியாக இருக்கிறது. நேற்று இரண்டாவது பலகை ஒன்றுக்காக துடுப்புக்கு இடம் குறிக்கும் அதே அச்சுத்தாளை எடுத்தேன். பட்டறையில் என்னோடு படகுக்கு ஃபைபர் ஒட்டும் அபெலார்தோ எட்டிப் பார்த்து, "இதுல முன்னால எது, பின்னால எது?" என்றான். அப்போதுதான் உறைத்தது. வலதைக் குறித்த பிறகு தாளைப் புத்தகத்தின் பக்கம்போலத் திருப்பியிருக்க வேண்டும். நான் தலைகீழாகத் திருப்பியிருக்கிறேன். இடது துடுப்பின் முன்முனை வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் ஊர் அலை இடதுபக்கம் ஓடுவது. பாரம் முழுக்க அந்தத் துடுப்பின் மேல்தான் விழும். வேகம் பிடித்ததும் பலகை பக்கவாட்டில் பிய்த்துக்கொள்ளும். அடியில் பாறை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

தந்தியும் கொடுத்திருக்கிறேன். மலைமேல் தபால் நிலையத்திலிருந்து கீழே உங்களிடம் கொண்டுவந்து தர யாருக்கு அக்கறை என்று தெரியவில்லை.

நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் விடியலில் அலையேறப் போவதை நீ அம்மாவிடம் போய்ச் சொன்னாய். அம்மா என் பலகையைக் கோடாலியால் பிளந்தாள். மறக்கிற விஷயமா அது? ஆனால் இந்தப் பலகையை அந்த அலைக்கென்றுதான் செய்தேன். இங்கே வைத்திருந்து என்ன பண்ண? ஏறத் தெரிந்தவன் நீ அங்கே இருக்கிறாய்.

உடனே பதில் போடு.

சொராய்தா


காபோ பிளாங்கோ
23 அக்டோபர்

அக்கா,

பலகை வந்துச்சு. நல்லாயிருக்கு. மஞ்சள் கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்ல, காணாமப் போனாக் கண்டுபிடிக்கலாம். உன் தந்தியும் கடுதாசியும் சேந்தே வந்துச்சு. நான் இன்னும் தண்ணில எறக்கல. கடல் குளம் மாதிரி கெடக்கு. நாங்க கானாங்கெளுத்தி பிடிக்கிறதுல மும்முரமா இருக்கோம். கையெல்லாம் மீன் நாத்தம், அதனால நில்தா எழுதறா. நில்தா என் பொண்டாட்டி. உனக்குத் தெரியாது, கல்யாணத்துக்கு நீ வரல.

நீ பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல. மூணு வருஷம் கழிச்சு எழுதறவ நல்லாயிருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். துடுப்பப் பத்தித்தான் ரெண்டு பக்கம்.

அம்மா நல்லா இருக்கா. நீ கேக்கல, நானே சொல்றேன்.

ஃபிதென்சியோ

மதினி, இது நில்தா. மடிச்சு ஒட்டுறதுக்குள்ள நானா எழுதறேன். அவர் சொன்னது பொய். உங்க தந்தி திங்கக்கிழமதான் கீழ வந்துச்சு. அவர் சனிக்கிழமையே பலகையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். ரெண்டாவது அலையில பலகை சுழண்டு இவரப் பாறையில அடிச்சிருச்சு. வலது மணிக்கட்டு ஒடிஞ்சு தலாரா ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டிருக்கு. தொடையில துடுப்பு கிழிச்சு ஒம்பது தையல். அத்தைகிட்ட கடல்பாலத்துல வழுக்கிட்டேன்னு சொல்லி வச்சிருக்கார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் கேட்டார். நான் பண்ணல.


சோரியோஸ்
29 அக்டோபர்

ஃபிதே,

நில்தாவைத் திட்டாதே. திட்டினால் நான் அங்கே வந்து நிற்பேன்.

பட்டறை வாசலில் நின்றபடியே படித்தேன். அப்புறம் அன்றைக்கு வேலை ஓடவில்லை. விரல்கள் அசைகின்றனவா? கட்டுக்கு வெளியே நுனி நீலமாக இருக்கிறதா? தையல் போட்ட இடத்தில் சூடு இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. வலது துடுப்பைக் குறித்தபோது நான் எதையும் நினைக்கவில்லை, அளந்தேன், ஒட்டினேன். இடதுக்கு வந்தபோது கோடாலிச் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு நீ கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாயே, அந்த முகம். கோபத்தோடுதான் தாளைத் திருப்பினேன். வேண்டுமென்றே செய்யவில்லை, தம்பி. ஆனால் அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு நல்ல எண்ணம் இருந்தது என்று சொல்ல முடியவில்லை. நீ என்ன நினைத்துக்கொள்வாயோ நினைத்துக்கொள்.

அந்தப் பலகையை உடைத்துவிடு. அடுப்பில் வைக்காதே, புகை விஷம். உடைத்துக் குழியில் போடு. நானே வந்து செய்வேன், ஆனால் அம்மா என்னை வாசல்படி ஏறவிடுவாளா என்று தெரியவில்லை. இனி இந்தப் படி ஏறாதே என்று கடைசியாக அவள் என்னிடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அக்கா


காபோ பிளாங்கோ
6 நவம்பர்

அக்கா,

விரல் அசையுது. நீலமெல்லாம் இல்ல. தையல் பிரிச்சாச்சு. போதுமா? நில்தாவ ஒரு வார்த்த சொல்லல. சொன்னா இவளே இதுல எழுதிருவா, பாரு, இப்பவே சிரிக்கிறா.

உடைன்னு எழுதியிருக்கியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இந்த வீட்டுல ஒரு பலகைய உடைச்சது பத்தாதா?

மொத அலையில அது எப்படி ஓடிச்சு தெரியுமா. ரெண்டாவதுலதான் சனியன் பிடிச்சது. ரெண்டு பேர் தண்டு வலிக்கிற படகுல ஒருத்தன் முன்னுக்கும் ஒருத்தன் பின்னுக்கும் வலிச்சா எப்படியிருக்கும், அப்படி. ஆனா அந்த மொத அலை! எறங்கும்போது சத்தமே இல்ல. அத மாதிரி ஒண்ணுமேல நான் நின்னதில்ல.

நீ உன் இடது துடுப்பப் பத்தி உள்ளதச் சொல்லிட்ட. நானும் சொல்லிடறேன். நில்தா எழுதும்போது சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. அம்மாகிட்ட ஏன் சொன்னேன்னு நீ கேட்டதே இல்ல. உனக்கு ஆபத்துன்னு சொல்லல. கடல்பாலத்துல காசிமீரோவும் மத்தவனுங்களும் தெனம், "டேய், உங்கக்கா பாவாடையில முடிஞ்சுக்கிட்டாவது உன்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லுடா"ன்னு கேலி பண்ணினாங்க. உன் அளவுக்கு அலையேற எனக்கு வரல. அது எனக்குப் பொறுக்கல. அம்மா கோடாலி எடுப்பான்னு நினைக்கல. திட்டுவா, நிறுத்திருவ, அவ்வளவுதான்னு நினைச்சேன். கதவோரம் நின்னேனே, கால் வரலக்கா எனக்கு.

சரி. எப்படிச் சரிபண்றதுன்னு எழுது. எனக்கு ஒரு கை, நில்தாவுக்கு ரெண்டு, ஆக மூணு. சீக்கிரம் எழுது. வடக்கு அலை வர்ற மாசம் இது. காசிமீரோ எங்க படகுலதான் வேலை பாக்குறான், பலகைமேல கண்ணு வச்சிட்டான். "உனக்குத்தான் ஓட்டத் தெரியல, குடு, நான் காட்டுறேன்"ங்குறான். துடுப்பு கோணன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறான். கட்டிலுக்கடியில தள்ளி வச்சிருக்கேன். என்னைக்கு நான் இல்லாதப்போ வந்து தூக்கிட்டுப் போவானோன்னு இருக்கு. அவனுக்கு மூணு பிள்ளைங்க.

ஃபிதே


சோரியோஸ்
12 நவம்பர்

ஃபிதே,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். காரணத்தைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத வரவில்லை. கோபம் இல்லை. எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பொட்டலத்தில் புதுத் துடுப்பு ஒன்று, ஃபைபர் துணி, ரெசின் பசை டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் குப்பி, புது அச்சுத்தாள் எல்லாம் இருக்கின்றன. தாளில் முன்பக்கத்துக்கு "முன்" என்று சிவப்பில் எழுதியிருக்கிறேன். அந்த எழுத்து நேராகத் தெரிந்தால்தான் தாள் சரி. தலைகீழாகத் தெரிந்தால் நான் செய்ததையே நீயும் செய்கிறாய்.

பலகையைக் கவிழ்த்து வை. கவிழ்த்ததும் இடது வலதாகிவிடும், குழம்பாதே. கெட்ட துடுப்பில் நில்தாவின் சிவப்புத் துணி எதையாவது கட்டிவிடு. ஆக்ஸா பிளேடால் அடியோடு அறு, ஆனால் பலகையின் தோலில் பிளேடு இறங்கக் கூடாது. உள்ளே நுரை. தண்ணீர் புகுந்தால் தீர்ந்தது. மிச்சத்தை உப்புத்தாளால் தேய். மூக்கு நுனியிலிருந்து வால் நடு வரை ஒரு நூலைப் பிடி, அதுதான் நடுக்கோடு. அதிலிருந்து அள. துடுப்பின் முன்முனை பின்முனையைவிட ஆறு மில்லிமீட்டர் நூலுக்குக் கிட்டே இருக்க வேண்டும். வலது துடுப்பை அளந்து ஒப்பிட்டுப் பார். பிறகு மறுபடி அள.

ஒரு காப்பிக் கோப்பை ரெசினுக்குப் பன்னிரண்டு சொட்டு ஹார்ட்னர். கால் மணி நேரம் இறுகாமல் நிற்கும், அதற்குள் துடுப்பை நிறுத்திவிடலாம்.

காசிமீரோவிடம் என் பேரைச் சொல். அந்தப் பலகையைச் செய்தவளே அதில் ஏற மாட்டேன் என்கிறாள் என்று சொல்.

அக்கா


காபோ பிளாங்கோ
21 நவம்பர்

அக்கா,

எல்லாம் கெட்டுச்சு.

அறுத்தது, தேய்ச்சது, நூல் பிடிச்சது எல்லாம் நீ சொன்னபடிதான். பன்னெண்டு சொட்டு விட்டோம், நில்தா வாய்விட்டு எண்ணினா. கலக்கி ரெண்டு நிமிஷம் ஆகல, கோப்பை சூடாயிருச்சு. துடுப்ப வச்சுப் பிடிக்கிறேன், ரெசின் அல்வா மாதிரி திரளுது. கோப்பையில இருந்து புகை. நில்தா அதத் தூக்கி வெளிய எறியப்போயி ரெண்டு விரல் வெந்துபோச்சு. திரும்பிப் பாத்தா துடுப்பு சாஞ்சபடியே இறுகிப்போச்சு, முன்னவிட மோசமா. ஒத்தக் கையால தள்ளிப் பாக்குறேன், பாறை மாதிரி நிக்குது. உக்காந்து அழுதிருவேன் போல இருந்துச்சு.

அந்த நாத்தத்துக்கு அம்மா உள்ள வந்துட்டா.

கட்டிலுக்கடியில இருந்தத ஒரு மாசமா அவ பாக்காம இருந்திருக்க முடியாது, வீடு அவ்வளவுதானே. ஆனா கேட்டதில்ல. இப்போ நடு வீட்டுல கவுந்து கெடக்கு. என் கட்டப் பாத்தா, பலகையப் பாத்தா. "கடல்பாலத்துல வழுக்குன, இல்ல?"ன்னா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ செஞ்சது, நீ எழுதினது, நான் மறைச்சது. பேசும்போதே மூலையில கோடாலி எங்க இருக்குன்னு என் கண்ணு தேடிச்சு.

அம்மா கோடாலிப் பக்கமே போகல. நில்தா விரல மொதல்ல தண்ணில வச்சா. அப்புறம் குனிஞ்சு பலகைமேல கைய வச்சு வால்ல இருந்து மூக்கு வரைக்கும் தடவிப் பாத்தா. "இத எத்தன நாள் தேய்ச்சிருப்பா?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியலன்னேன். போயிட்டா.

இப்போ என்ன பண்றது? ரெசின் பாதிதான் இருக்கு. காசிமீரோ நேத்தும் வந்தான்.

ஃபிதே


சோரியோஸ்
27 நவம்பர்

ஃபிதே, நில்தா,

தப்பு மறுபடியும் என்னுடையதுதான். இங்கே எப்போதும் பனித்தூறல், குளிர், ஈரம். பன்னிரண்டு சொட்டு விட்டாலும் ரெசின் சோம்பேறியாகக் கிடக்கும். அந்தக் கணக்கை அப்படியே எழுதிவிட்டேன். உங்கள் வெயிலை மறந்துவிட்டேன். அந்த வெயிலில் இருபத்தாறு வருஷம் வளர்ந்தவள் மறந்துவிட்டேன். நில்தா, உன் விரலுக்கு நான் என்ன சொல்ல? கொப்புளத்தை உடைக்காதே.

இந்தத் தடவை ஐந்து சொட்டு. வெயில் ஏறும் முன்னால், விடிந்ததும். முதலில் ஒரு மூடியில் கொஞ்சமாகக் கலந்து எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பாருங்கள். என் சொல்லை நம்பாதீர்கள், மூடியை நம்புங்கள். சாய்ந்த துடுப்பை அறுத்து அதையே தேய்த்துப் பயன்படுத்தலாம். இன்னொரு டப்பா அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் தடவை அறுத்தால் தோல் தாங்காது.

அம்மா கேட்டது அந்த வார்த்தைதானா? நீ கூட்டியோ குறைத்தோ எழுதவில்லையே? தேய்த்தது முப்பத்தாறு ஞாயிற்றுக்கிழமை. அவளிடம் சொல். வேண்டாம், சொல்லாதே. உன் இஷ்டம்.

அக்கா


காபோ பிளாங்கோ
7 டிசம்பர்

அக்கா,

நின்னுருச்சு!

அஞ்சு சொட்டு, பதினாலு நிமிஷம். மூடியில ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் தொட்டோம். கட்டு போன செவ்வாக்கிழம பிரிச்சாச்சு, ஆனா கைக்கு இன்னும் பெலம் இல்ல. நூலப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும்னு நில்தா முணுமுணுத்தா. அம்மா அடுப்படியில இருந்து வந்து, மூக்குப் பக்கம் மண்டி போட்டு உக்காந்து, நூல் நுனிய வாங்கிக்கிட்டா. "எந்த விரலால பிடிக்கணும்னு எழுதியிருக்காளா?"ன்னு கேட்டா. எழுதலன்னேன். "எல்லாத்தையும் எழுதினவ இத எழுதலியா"ன்னுட்டு அந்தப் பதினாலு நிமிஷமும் அசையல. முப்பத்தாறு ஞாயித்துக்கிழமன்னு அப்போதான் சொன்னேன். நூல் ஆடிச்சு. "ஆட்டாதீங்க அத்தை"ன்னு நில்தா கத்தினா.

அளந்து பாத்தோம். இடதுல ஆறு, வலதுல ஆறு. ஒரு மயிரிழ கூட வித்தியாசமில்ல.

இன்னொண்ணு கேளு. நேத்து நான் மேல ஊருக்குப் போயிருந்தேன், அலை நல்லா எழும்பியிருக்கு. காசிமீரோ நேரா வீட்டுக்கு வந்து, "அம்மா, பலகைய ஃபிதே எடுத்துக்கச் சொன்னான்"னு புளுகியிருக்கான். அம்மா வாசல மறிச்சு நின்னுக்கிட்டு, "எம் பொண்ணு சரின்னு கடுதாசி போடற வரைக்கும் அதுல ஒருத்தன் கை வைக்கப்படாது, எறங்குடா படிய விட்டு"ன்னிருக்கா. இத நில்தா நேர்ல பாத்தா. கூட்டியும் எழுதல, குறைச்சும் எழுதல. எம் பொண்ணுன்னு சொன்னா.

டாக்டர் பிப்ரவரி வரைக்கும் கைய ஊனக்கூடாதுங்குறார். அலை பிப்ரவரி வரைக்கும் காத்திருக்காது. நீ வா.

ஃபிதே


சோரியோஸ்
13 டிசம்பர்

ஃபிதே,

வெள்ளிக்கிழமை பஸ். சனி மதியம் மேல் ஊரில் இறங்குவேன்.

மூன்று வருஷமாக நான் ஒரு பலகைமேல் நின்றதில்லை. இங்கே கடலைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன், வருவேன். இறங்க மனம் வந்ததில்லை. கால் மறந்திருக்கும். துடுப்பு உண்மையிலேயே சரியா என்று தண்ணீரில்தான் தெரியும். இரண்டு தடவை என் கணக்குத் தப்பியது. மூன்றாவது முறையும் தப்பினால் அது என் உடம்பாகவே இருக்கட்டும், வேறு யாரும் அதில் ஏற வேண்டாம்.

அம்மாவிடம் நான் வருவதை மட்டும் சொல். தண்ணீரில் இறங்கப்போவதைச் சொல்லாதே. இந்தத் தடவையாவது சொல்லாதே.

அக்கா


காபோ பிளாங்கோ
4 ஜனவரி 1987

அக்கா,

இது என் சொந்தக் கை. கோழி கிளறின மாதிரி இருந்தாலும் நானே எழுதறேன். நில்தாகிட்டக்கூடக் காட்டல.

நீ பஸ் ஏறும்போது என்ன கேட்ட? "அம்மாவுக்குத் தெரியாதுல்ல?"ன்னு. தெரியாதுன்னேன். பொய். உன்கிட்ட இதுதான் கடைசிப் பொய்யா இருக்கட்டும்.

நான் ஒரு வார்த்த சொல்லல, சத்தியமா. அவளே வந்துட்டா. அன்னைக்கு நீ நீந்திப் போன கொஞ்ச நேரத்துல கடல்பாலத்துல என் பக்கத்துல யாரோ வந்து நின்னாங்க. பாத்தா அம்மா. தண்ணில ஒம்பது பத்துப் பேர் இருந்தீங்க. "எது அவ?"ன்னா. மஞ்சள் பலகைன்னு காட்டினேன்.

மொத அலையில நீ விழுந்தியே, அப்போ என் கையப் பிடிச்சா. ஒடிஞ்ச கைய. வலியில உயிரே போச்சு, நான் கைய இழுத்துக்கல. நீ தலையத் தூக்கி மறுபடி ஏறிப் படுத்ததும், அம்மா கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. "நீ பாத்துச் சொல்லு, என்னால முடியாது"ன்னா.

அப்புறம் அந்தப் பெருசு வந்துச்சு. காசிமீரோகூட விலகிட்டான். நீ எழுந்து நின்ன.

"விழுந்துட்டாளா?"

"இல்ல."

"இப்போ?"

"இல்லம்மா, நிக்கிறா. எறங்கிட்டா. இடது பக்கம் திரும்பிட்டா."

துடுப்பு பிடிச்சிருந்துச்சு அக்கா. என்ன ஒடிச்ச அதே இடம், அதே பாரம். பலகை கோடு போட்ட மாதிரி போச்சு. அலை உன் தலைக்கு மேல வளைஞ்சு மூடிக்கிட்டு வந்துச்சு.

"இப்போ?"

என்னால சொல்ல முடியல. நீ கண்ணுக்கே தெரியல. தண்ணிச் சுவர் மட்டுந்தான். பாறை அங்கதான் ஆரம்பிக்குது.

"டேய், இப்போ? சொல்லுடா! இப்போ?"

அவ நகம் என் கையில எறங்கிச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல, நாலு செகண்டோ அஞ்சோ. அந்த மஞ்சள் மூக்கு வெளிய வந்துச்சு, பின்னாலயே நீ, முழுசா, நின்னுக்கிட்டு. காசிமீரோ கத்தினான் பாரு, அப்போதான் அம்மா கண்ணத் தொறந்தா. நீ அலை முதுகுமேல ஏறி அந்தப் பக்கம் போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா.

அப்புறம் என்ன சொன்னா தெரியுமா? "நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியக்கூடாது." அவ்வளவுதான். இன்னும் எத்தன அலை ஏறுவன்னு கேட்டா. ஒரு மணி நேரமாவது வரமாட்டான்னேன். சரின்னு வெயில்ல அங்கேயே உக்காந்துட்டா. கடைசி அலைக்கு நீ கை காட்டினதும்தான் எழுந்து, செருப்பக் கையில தூக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடினா. ஆமா, ஓடினா.

நீ ஈரத் தலையோட உள்ள வந்து, பசிக்குதுன்னு பானையத் தொறந்து பாத்து, "மூணு வருஷம் கழிச்சு வந்திருக்கேன், ஒரு சோறு ஆக்கி வைக்க முடியலையாம்மா உனக்கு?"ன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்ட. அவ மூச்சிரைக்க அரிசி களைஞ்சா. நானும் நில்தாவும் ஒருத்தரையொருத்தர் பாக்காம உக்காந்திருந்தோம்.

அன்னைக்கு ஏன் சோறு ஆகலன்னு இப்போ தெரியுதா?

உன் தம்பி
ஃபிதென்சியோ